கொரியப் பொழுதுபோக்கு ஸ்டார்ட்அப்கள் வெளிநாடு போவதும் முதலீடு வாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் பார்த்துப் பழகியவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் அதன் வணிகப் பக்கம் மேல் ஆர்வம் வந்துவிடுகிறது. உள்ளடக்க உரிமை ஒப்பந்தங்களைப் படிப்பது என் அன்றாட வேலை. அதனால் கேள்விகள் என்னிடம் வந்தபடியே இருக்கின்றன: அங்கே புதிதாகத் தொடங்கும் நிறுவனம் முதலில் எந்த நாட்டுக்குப் போகும், அதற்கு யார் பணம் போடுவார்கள், எதை நம்பிப் போடுவார்கள்? அடிக்கடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

பொழுதுபோக்கு ஸ்டார்ட்அப் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

பாட்டும் நடிப்பும் மட்டும் இல்லை. போனில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வெப்டூன், மொபைல் கேம், குழந்தைகள் அனிமேஷன், ரசிகரையும் கலைஞரையும் இணைக்கும் செயலி, நிகழ்ச்சி வடிவத்தை எழுதி விற்பவர்கள், யூடியூபர்களை நிர்வகிப்பவர்கள் எல்லாரும் இதில் சேர்வார்கள். இன்றைய பெரிய பெயர்களும் இப்படித் தொடங்கியவைதான். பாங் ஷி-ஹ்யுக் 2005-இல் தொடங்கிய பிக் ஹிட் என்ற சின்ன நிறுவனம் 2020 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2021-இல் ஹைப் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

உள்நாட்டில் நன்றாகக் காலூன்றிய பிறகு வெளியே போனால் ஆகாதா?

தென் கொரியாவின் மக்கள்தொகை 5 கோடியைச் சற்றே தாண்டும். தமிழ்நாட்டை விடக் குறைவு. ஒரு வெப்டூனை வாரா வாரம் வரைய ஆகும் செலவு, அதை ஒரு லட்சம் பேர் படித்தாலும் ஒரு கோடி பேர் படித்தாலும் ஒன்றுதான். அந்தச் செலவை உள்ளூர் வாசகர்களை மட்டும் வைத்து எடுப்பது கஷ்டம். போதாக்குறைக்கு உள்ளூர்ச் சந்தையில் நேவர், காகாவோ என்ற இரண்டு பெரிய இணைய நிறுவனங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ‘முதலில் சோல், அப்புறம் உலகம்’ என்ற வரிசை பல நிறுவனங்களுக்கு ஒத்துவருவதில்லை. ஆங்கிலம் அல்லது ஜப்பானிய மொழியில் தொடக்கத்திலேயே வெளியிடத் திட்டமிட்டுத்தான் கடை திறக்கிறார்கள்.

வெளிநாட்டு முதலீட்டாளர் முதலில் எதைப் பார்க்கிறார்?

உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

2021-இல் வந்த ‘ஸ்க்விட் கேம்’ தொடருக்கு நெட்ஃபிளிக்ஸ் செலவழித்தது சுமார் 2.14 கோடி டாலர். அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் பார்த்த ப்ளூம்பெர்க், தொடரால் நெட்ஃபிளிக்ஸுக்குக் கிடைத்த மதிப்பு சுமார் 89 கோடி டாலர் என்று எழுதியது. தயாரிப்புச் செலவை நெட்ஃபிளிக்ஸ் முழுதாக ஏற்றது, உரிமையும் முழுதாக அதனிடமே போனது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒப்பந்தம் அப்படித்தான். ஆனால் கொரியாவில் ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனமும் அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கும்.

அடுத்த ஆண்டே இன்னொரு வழியும் கண்ணுக்குத் தெரிந்தது. ஏஸ்டோரி என்ற தயாரிப்பு நிறுவனம் ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ தொடரை உள்நாட்டில் ஈஎன்ஏ என்ற சின்ன சேனலில் ஒளிபரப்பியது. நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுத்தது ஸ்ட்ரீமிங் உரிமையை மட்டும்தான். கதையின் உரிமை தன்னிடமே இருந்ததால் அதிலிருந்து வெப்டூன் கொண்டுவர முடிந்தது. மறு ஆக்கம், மேடை, பொருட்கள் என்று அடுத்தடுத்த பேச்சுகளுக்கும் அதே உரிமைதான் அடிப்படை.

ஒரு முதலீட்டாளர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்? முதல் வகை நிறுவனம் ஒரு நல்ல ஒப்பந்தக்காரர். வேலை முடிந்தால் கூலி வரும், அவ்வளவுதான். இரண்டாவது வகையிடம் ஒரு சொத்து இருக்கிறது. பங்குக்கு விலை சொல்ல முடிவது சொத்து இருக்கும் இடத்தில்தான்.

பெரிய தளம் முழுச் செலவையும் தருகிறேன் என்கிறது. சின்ன நிறுவனம் அதை மறுக்க முடியுமா?

எப்போதும் முடியாது. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஏப்ரலில், கொரிய உள்ளடக்கத்தில் நான்கு ஆண்டுகளில் 250 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. அந்தப் பணம் இல்லையென்றால் பல ஸ்டூடியோக்கள் மூடியிருக்கும். என் கருத்து இது: முதல் படைப்பைக் கொடுத்துப் பெயர் வாங்குங்கள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வெப்டூன், கேம், பொம்மை, மேடை, பிறமொழி மறு ஆக்கம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கேளுங்கள். ‘அனைத்து ஊடகங்களிலும், என்றென்றும்’ என்ற ஒரு வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மறுநாள் முதலீட்டாளரிடம் காட்ட எதுவும் மிஞ்சாது.

உரிமைத் தகராறு முதலீட்டை எவ்வளவு பாதிக்கும்?

மிகவும். ‘பேபி ஷார்க்’ பாட்டை உலகுக்குக் கொடுத்த பிங்க்ஃபாங் நிறுவனத்தின் கதை நல்ல உதாரணம். 2010-இல் ஸ்மார்ட்ஸ்டடி என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2016 ஜூனில் யூடியூபில் ஏற்றிய நடன வீடியோ, 2020 நவம்பரில் உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட யூடியூப் வீடியோ ஆனது. 2022 ஜனவரியில் 1,000 கோடிப் பார்வைகளைத் தாண்டிய முதல் வீடியோவும் அதுதான்.

இதற்கிடையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர், இது தன்னுடைய இசையமைப்பின் நகல் என்று 2019-இல் சோலில் வழக்குப் போட்டார். முகாம்களில் பிள்ளைகள் காலங்காலமாகப் பாடிவந்த பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. 2025 ஆகஸ்டில் கொரிய உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பிங்க்ஃபாங் கொரியாவின் கோஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. வருமானத்தின் பெரும் பகுதி ஒரே பாத்திரத்தைச் சுற்றி இருக்கும் நிறுவனம், அந்தப் பாத்திரம் வழக்கில் மாட்டியிருக்கும்போது பங்கு விற்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் எந்த நாட்டுக்குப் போவது?

ரசிகர்கள் ஏற்கெனவே இருக்கும் நாட்டுக்கு. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பலரும் இதைத்தான் மீறுகிறார்கள். கௌரவத்துக்காக அமெரிக்கா போகிறார்கள்.

2009-இல் ஜேஒய்பி என்ற கொரிய இசை நிறுவனம் தன் வொண்டர் கேர்ள்ஸ் பாடகியர் குழுவை அமெரிக்காவுக்கே குடிபெயர்த்தது. ஜோனாஸ் பிரதர்ஸ் சுற்றுப்பயணத்தில் தொடக்கப் பாடகர்களாக ஊர் ஊராகப் பாடினார்கள். பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 76-ஆம் இடம் கிடைத்தது. கொரியக் குழு ஒன்று அதில் நுழைந்தது அதுவே முதல் முறை. ஆனால் அது நிலையான வணிகமாக மாறவில்லை, சொந்த ஊரில் இருந்த வேகமும் குறைந்தது. சில ஆண்டுகள் கழித்து பிக் ஹிட்டின் பிடிஎஸ் குழு ஜெயித்த விதம் நேர் எதிர். வீடியோக்கள் முதலில் போயின, ரசிகர்கள் தாங்களே உட்கார்ந்து பல மொழிகளில் சப்டைட்டில் போட்டார்கள், அதற்குப் பிறகுதான் பெரிய மேடைகள் வந்தன.

பணம் கொடுத்துப் படிக்கும், கேட்கும் பழக்கம் ஊறிய சந்தை என்றால் ஜப்பான். 2016 ஏப்ரலில் காகாவோ அங்கே பிக்கோமா என்ற படக்கதைச் செயலியைத் தொடங்கியது. அதில் ஓர் அத்தியாயத்தை இலவசமாகப் படித்து முடித்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு நாள் பொறுத்தால் அடுத்ததும் இலவசம், பொறுக்க முடியவில்லையென்றால் காசு. கதை சரியான இடத்தில் நின்றிருக்கும், விரல் தானாகக் காசுப் பொத்தானுக்குப் போகும். மாங்கா பிறந்த நாட்டில் இந்த முறையை வைத்தே முன்னணிக்கு வந்தார்கள். 2021-இல் ஆங்கர் ஈக்விட்டி பார்ட்னர்ஸிடம் சுமார் 60,000 கோடி வோன் திரட்டியபோது நிறுவனத்தின் மதிப்பு 8 லட்சம் கோடி வோனுக்கு மேல் போனது. அதே செயலியை 2022-இல் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள், 2024-இல் மூடிவிட்டார்கள். ஒரு நாட்டில் ஜெயித்த முறை அடுத்த நாட்டுக்குத் தானாக வந்துவிடாது.

சீனா?

கவனமாக. 2016-இல் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பைக் கொரியாவில் நிறுத்தும் முடிவு வந்ததும், கொரியத் தொடர்களுக்கும் கச்சேரிகளுக்கும் அங்கே கதவு சாத்தப்பட்டது. எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லாததால் எதிர்த்து முறையிடவும் வழியில்லை. சீனப் பணம் மட்டும் நிற்கவில்லை. சீனாவின் பெரிய இணைய நிறுவனமான டென்சென்ட் பல கொரிய கேம் நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கிறது. 2025-இல் எஸ்எம் என்ற கொரிய இசை நிறுவனத்தில் ஹைப் வைத்திருந்த பங்குகளை டென்சென்ட் மியூசிக் வாங்கியது. உரிமத்தை விற்கலாம், பங்காளி வழியாகப் போகலாம். மொத்தத் திட்டத்தையும் அந்தச் சந்தையை நம்பிப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கையில் காசு குறைவு. கிளை திறக்காமல் வெளிநாட்டில் வருமானம் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதுதான் வடிவ விற்பனை: ஒரு நிகழ்ச்சியை அந்தந்த ஊரில் புதிதாக எடுக்கும் உரிமையை விற்பது. முகமூடி போட்டுப் பாடும், கொரியாவின் எம்பிசி சேனல் நிகழ்ச்சியின் தாய்லாந்துப் பதிப்பு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தாய் உணவகத்தின் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட வந்த அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர், சுற்றி இருந்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். 2019 ஜனவரியில் ஃபாக்ஸ் சேனலில் ‘தி மாஸ்க்ட் சிங்கர்’ வந்தது. விற்றது பெரிய ஒளிபரப்பு நிறுவனம்தான், ஆனால் விற்கப்பட்ட பொருள் விதிகளும் அரங்க அமைப்பும் கொண்ட ஒரு கையேடு. அதை எழுதப் பத்துப் பேர் போதும்.

சினிமாவிலும் இதே கதை. ‘மிஸ் கிரானி’ என்ற கொரியப் படத்தைக் கையில் வைத்திருந்த சிஜே நிறுவனம், அதை டப்பிங் செய்து விற்பதோடு நிற்கவில்லை. சீனா, வியட்நாம், ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று அந்தந்த ஊர் நடிகர்களை வைத்து எடுத்தார்கள். 2019-இல் தெலுங்கில் ‘ஓ! பேபி’யாக சமந்தா நடித்து வந்ததும் அதே கதைதான்.

முதலீட்டாளரிடம் எந்த எண்ணைக் காட்டுவது?

பார்வைகளின் எண்ணிக்கையை முதலில் காட்டாதீர்கள். மாதா மாதம் காசு கட்டித் தங்குகிறவர்கள் எத்தனை பேர், எந்த நாட்டில் என்று காட்டுங்கள்.

எஸ்எம் குழுமத்தைச் சேர்ந்த டியர்யூ நிறுவனத்தின் ‘பபிள்’ செயலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கலைஞருக்கு மாதம் 4,500 வோன் கட்டணம் என்று தொடங்கினார்கள். கலைஞர் அனுப்பும் செய்தி உங்கள் போனில் தனி உரையாடல் போலவே வந்து விழும், செய்தியின் நடுவில் உங்கள் பெயர் இருக்கும். ஒரு செய்திக்கு மூன்று பதில்தான் அனுப்பலாம், அதுவும் தொடக்கத்தில் 30 எழுத்துக்குள். விடாமல் சந்தா கட்டினால் அந்த வரம்பு நாளாக நாளாகக் கூடும். நடுவில் நிறுத்தினால் எண்ணிக்கை பழையபடி முதலிலிருந்து. ரசிகர் ஏன் விலகுவதில்லை என்பதற்கு இதை விட நல்ல விளக்கம் தேவையில்லை. 2020-இல் தொடங்கிய சேவை, அடுத்த ஆண்டு நவம்பரிலேயே டியர்யூ கோஸ்டாக் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம், கேம் துறையில் கொடிகட்டிப் பறந்த என்சிசாஃப்ட் 2021 ஜனவரியில் ‘யூனிவர்ஸ்’ என்ற ரசிகர் செயலியைக் கொண்டுவந்து, இரண்டே ஆண்டில் மூடி, டியர்யூவிடமே விற்றது.

ஒரு கலைஞரை மட்டும் நம்பி இருக்கும் நிறுவனத்துக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேள்விகள் கடுமையாக இருக்கும். கொரிய நியாய வர்த்தக ஆணையம் 2009-இல் கொண்டுவந்த, கலைஞருக்கும் நிறுவனத்துக்குமான மாதிரி ஒப்பந்தத்தின்படி ஏழு ஆண்டுகள்தான் வழக்கமான எல்லை. அதனால் ‘எட்டாம் ஆண்டு என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். 2022 ஜூனில் பிடிஎஸ் உறுப்பினர்கள் தனித்தனியாகச் செயல்படப் போவதாகச் சொன்ன மறுநாள், ஹைப் பங்கு கிட்டத்தட்ட கால் பங்கு விழுந்தது. ஹைப் அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. 2019-இல் வீவர்ஸ் என்ற ரசிகர் தளம், 2021-இல் சுமார் 105 கோடி டாலர் கொடுத்து இத்தாக்கா ஹோல்டிங்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், அப்புறம் கெஃபன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தோடு சேர்ந்து பல நாட்டுப் பெண்களைக் கொண்டு 2024-இல் கேட்ஸை குழு. சின்ன நிறுவனத்தால் இவ்வளவு செய்ய முடியாது. பயிற்சி முறை, பாடல் உரிமை, ரசிகர் தரவு இவற்றில் ஏதாவது ஒன்றாவது கலைஞர் போன பின்னும் தங்களிடம் நிற்கும் என்று காட்டியாக வேண்டும்.

கொரிய அரசு எவ்வளவு உதவுகிறது?

நிறைய. கோக்கா என்று அழைக்கப்படும் கொரியப் படைப்பு உள்ளடக்க முகமை 2009-இல் உருவானது, தலைமையகம் நாஜு நகரில். லாஸ் ஏஞ்சலஸ், டோக்கியோ, பாரிஸ், ஜகார்த்தா போன்ற ஊர்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. சந்திப்புகள் ஏற்பாடு செய்வது, சந்தைகளில் கடை எடுத்துத் தருவது அவர்கள் வேலை.

எனக்கு மிகவும் பிடித்த திட்டம் கொரியா வென்ச்சர் இன்வெஸ்ட்மென்ட் நிறுவனத்தினுடையது. அது அரசுப் பணத்தை, புது நிறுவனங்களில் முதலீடு செய்யும் வெளிநாட்டு வென்ச்சர் நிதிகளில் போடுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: வாங்கிய தொகைக்குக் குறையாமல் கொரிய ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்ய வேண்டும். இதனால் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருக்கும் நிதிக்குக் கொரிய நிறுவனங்களைத் தேடிவர ஒரு காரணம் கிடைக்கிறது. நம் ஊரில் இப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நிறுவனத்தை அமெரிக்க நிறுவனமாக மாற்றிக்கொள்ள வேண்டுமா?

இதை அங்கே ‘ஃபிளிப்’ என்பார்கள். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் தாய் நிறுவனம் தொடங்கி, கொரிய நிறுவனத்தின் பங்குகளை அதன் பங்குகளாக மாற்றிக்கொள்வது. அமெரிக்க முதலீட்டாளர்களுக்குப் பழக்கமான சட்டம் என்பதால் பேச்சு வேகமாக நகரும். நேவரின் வெப்டூன் என்டர்டெயின்மென்ட் லாஸ் ஏஞ்சலஸைத் தலைமையகமாகக் கொண்டு, 2024 ஜூனில் நாஸ்டாக்கில் பங்கு 21 டாலருக்கு வெளியிட்டு 31.5 கோடி டாலர் திரட்டியது. ஆனால் பட்டியலாவதோடு கதை முடியவில்லை. பட்டியலான பின் முதல் முறையாகக் காலாண்டு முடிவு வந்த ஆகஸ்டில் பங்கு வெளியீட்டு விலைக்கு வெகு கீழே போனது.

ஃபிளிப் செய்யும்போது கையில் காசு வராவிட்டாலும் பங்கு மாறியதாகக் கணக்காகி, நிறுவனர்களுக்கு வரி வரலாம். மதிப்பு ஏறிய பிறகு செய்தால் அந்தச் சுமை தாங்காது. செய்வதானால் சீக்கிரம் செய்ய வேண்டும், அமெரிக்கப் பணம் உறுதியாகாமல் செய்யவும் கூடாது. ஜப்பானிலும் தென்கிழக்கு ஆசியாவிலும்தான் வணிகம் என்றால் இது தேவையே இல்லை.

ஒப்பந்தத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர் எங்கே தயங்குகிறார்?

கொரிய வென்ச்சர் நிதிகள் பெரும்பாலும் வாங்குவது, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் சாதாரணப் பங்காக மாற்றவும் உரிமையுள்ள முன்னுரிமைப் பங்கு. சர்வதேசக் கணக்கு முறைக்கு மாறும்போது இது கடன் பக்கத்தில் போய் உட்காரும். நல்ல நிறுவனத்தின் ஐந்தொகையைத் திறந்ததும் பெரிய கடனாளி போலத் தெரிய, வெளிநாட்டார் மிரள்வார்கள். முன்கூட்டியே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துவிடுவது நல்லது.

பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடனான மாற்றத்தக்க கடன் பத்திரம் இன்னும் ஆபத்தானது. திரைப்பட மதிப்பீட்டுத் தளமாக 2011-இல் தொடங்கிய வாட்சா, ஸ்ட்ரீமிங் சேவையாக வளர்ந்து 2020-இல் ஜப்பானுக்கும் போனது. 2021-இல் இப்படிப்பட்ட பத்திரங்களில் பணம் திரட்டியது. நெட்ஃபிளிக்ஸோடு போட்டியில் நஷ்டம் கூடியது, புதிய முதலீடு வரவில்லை, கடன் தவணை வந்து நின்றது. 2025 ஆகஸ்டில் நீதிமன்ற மறுசீரமைப்புக்குப் போனது. நல்ல சேவை என்பதால் அந்தச் செய்தி எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இந்தியா அவர்கள் கணக்கில் இருக்கிறதா?

இருக்கிறது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இங்கே தடை செய்யப்பட்டதும், அந்த கேமின் கொரிய நிறுவனமான கிராஃப்டன் வெளியீட்டு உரிமையை டென்சென்ட்டிடமிருந்து தன் கைக்கு எடுத்தது. 2021-இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டது, 2023 மே மாதம் மீண்டும் அனுமதி கிடைத்தது. நடுவில் கிராஃப்டன் இந்திய நிறுவனங்களில் பணம் போட்டுக்கொண்டே இருந்தது. 2021-இல் 4.8 கோடி டாலர் சுற்றுக்குத் தலைமை ஏற்றுப் பங்கு வாங்கிய பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தமிழ்த் தொடர்கதை எழுதுபவர்கள் ஏராளம். ஹைப் 2025-இல் மும்பையில் அலுவலகம் திறந்தது. உள்ளூர் எழுத்தாளர், உள்ளூர்ப் பாடகர், கொரியப் பயிற்சி முறை: இனி வரும் திட்டங்கள் இந்த வழியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலீட்டாளரைச் சந்திக்கப் போகும் முன் எந்தக் காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்?

ஒருமுறை சின்ன அனிமேஷன் நிறுவனம் ஒன்றின் கோப்புகளைப் பார்க்க உட்கார்ந்தேன். நாயகப் பாத்திரம் அருமை, மூன்று நாட்டில் ஓடுகிறது. தலைப்புப் பாட்டுக்கு உரிமை ஆவணம் எங்கே என்றால், மெட்டுப் போட்டவருடன் நடந்த காகாவோ டாக் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டினார்கள். ‘சரி, வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் ஸ்டிக்கர். மெட்டுப் போட்டவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கவே நான்கு மாதம் ஆனது. அதற்குள் முதலீட்டாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

அதனால் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு கோப்பு போடுங்கள். எழுதியவர், வரைந்தவர், மெட்டுப் போட்டவர், நடனம் அமைத்தவர், குரல் கொடுத்தவர், ஏன், தலைப்பில் இருக்கும் எழுத்துருவை உருவாக்கியவர் வரை கையெழுத்திட்ட தாள் அதில் இருக்க வேண்டும். பெயரை எந்தெந்த நாட்டில் வணிகக்குறியாகப் பதிந்திருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு தாள். எந்த உரிமை, எந்த நாட்டுக்கு, எந்தத் தேதி வரை விற்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு அட்டவணை. வெளிநாட்டில் கிளை நிறுவனம் இருந்தால், பணம் அனுப்பும் முன் வங்கியில் செய்த அந்நியச் செலாவணி அறிவிப்பின் நகல். நாடுவாரியாகச் சந்தாதாரர் கணக்கு, கடைசி 12 மாதத்துக்கு. இவ்வளவையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு, முதலீட்டாளர் திறந்து பார்க்கும் ஆன்லைன் கோப்பறையான டேட்டா ரூமில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.